வரி இல்லாத ஊர்க்காரி

பிப்ரவரி 24, திங்கள். பொன்மலை

தினமும் எழுதுங்கள், மனப்பாரம் குறையும் என்று எங்கள் ஸ்னூக்கர் சுற்றுக்கு அமர்த்தியிருக்கும் ஆலோசகர் அம்மா கம்ப்யூட்டர் திரையில் வந்து சொன்னார். என் பாரத்தை இறக்க ஒரு நோட்டு காணாது, ஒரு கூட்ஸ் வண்டியே வேண்டும். இருந்தாலும் காசு கொடுத்து நோட்டு வாங்கியாயிற்று. வாங்கியதை வீணாக்கும் பழக்கம் இந்த ரெஜினாவுக்குக் கிடையாது.

காலையில் நானும் என் வீட்டுக்காரர் தனிஸும் தில்லைநகர் போய் ஆடிட்டர் ஷேக் தாவூத்தைப் பார்த்தோம். நவம்பரில் இங்கிலாந்தில் ஒரு போட்டியில் எனக்குப் பரிசு கிடைத்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கை அங்கேயே வரியாகப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள். அதோடு தொல்லை விட்டது என்று இருந்தேன். ஆடிட்டர் சிரித்தார். அவர் சிரித்தால் நமக்குச் செலவு.

"ஆட்டம் எந்த ஊர்ல நடந்துச்சோ அவங்க முதல்ல எடுப்பாங்க. நீங்க எந்த ஊர்ல குடியிருக்கீங்களோ அவங்க அடுத்து எடுப்பாங்க. அங்க கட்டுனதை இங்க கழிச்சுக்கலாம்மா. ஆனா அங்க இருபது, இங்க உங்களுக்கு முப்பது. மிச்சப் பத்தைக் கட்டித்தான் ஆகணும்."

கால் கடுக்க நின்று ஆடியது நான். குளிரில் விறைத்த விரலை வெந்நீரில் முக்கி முக்கி எடுத்தது நான். அப்போதெல்லாம் இந்த இரண்டு பேரும் எங்கே இருந்தார்கள் என்று கேட்டேன். தனிஸ் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். வெளியே வந்ததும், "கட்டிருவோம் ரெஜினா, அடுத்ததுல ஜெயிச்சிட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். அடுத்ததுக்கான விமான டிக்கெட்டே அவருடைய பி.எஃப். பணத்தில் வாங்கியது. ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் அடித்துச் சேர்த்த பணம்.

சாயங்காலம் வேலை முடிகிற சங்கு ஊதியதும் வழக்கம்போல் அவர் அழுக்குச் சட்டையோடு ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்துவிட்டார். நான் ஆட ஆட, விழுந்த பந்துகளை எடுத்து அந்தந்தப் புள்ளியில் திரும்ப வைப்பது அவர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இது நடக்கிறது. தன் கை பட்டு அடுக்கினால்தான் எனக்கு ஆட்டம் வரும் என்று ஊர் முழுக்கப் பெருமை பேசிக்கொள்வார். பேசட்டும்.

மார்ச் 2, ஞாயிறு. ஷெஃபீல்டு

வந்து சேர்ந்தேன். குளிர் எலும்பைத் தின்கிறது.

இந்து அக்கா எனக்கு முன்பே வந்து அறையில் ஹீட்டரைப் போட்டு, ரசம் வைத்து, எனக்குப் பிடித்த ஓரத்துக் கட்டிலையும் விட்டுவைத்திருந்தாள். பொன்மலையில் ஒரே குவார்ட்டர்ஸ் வரிசையில் வளர்ந்தோம். அவள் அப்பா ரயில் கார்டு, என் அப்பா ஃபிட்டர். பெண் பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை என்று இன்ஸ்டிட்யூட்டில் எங்களை விரட்டியபோது என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனது அவள்தான். எனக்கு அப்போது பதினைந்து வயது. அன்றிலிருந்து அக்கா.

அன்றிலிருந்து கூட்டும் உண்டு. யார் எதில் ஜெயித்தாலும், வரி போக மீதி, பாதிக்குப் பாதி. ஒருத்திக்குக் கை ஓடாத மாதம் இன்னொருத்தி பணத்தில் சோறு. இங்கே இப்படிப் பலர் கூட்டு வைத்திருக்கிறார்கள், ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை. எங்களுக்குள் எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை.

அக்கா நாலு வருஷமாகத் துபாயில் இருக்கிறாள். அங்கே ஒரு கிளப்பில் கோச். ஆகஸ்டில் அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளையும் அங்கேதான். அதன் பிறகு க்யூ கோலையே தொடமாட்டாளாம். முப்பத்தாறு வயதில் தேடிவந்த வரன், விடுவாளா?

இந்த ஓபன் போட்டியை நடத்துவது ஒரு மெத்தைக் கம்பெனி. பரிசைக் கேட்டால் தூக்கமே வராது. கப் அடிப்பவளுக்கு நாற்பதாயிரம் பவுண்டு, அரையிறுதியில் தோற்றால் எட்டாயிரம். பணம் கிடக்கட்டும். கப் அடிப்பவளுக்குத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பெரிய சுற்றில் இரண்டு வருஷத்துக்கு இடம். எனக்கு அந்த இடம் வேண்டும். முப்பத்து மூன்று வயதாகிறது. இன்னும் எத்தனை பி.எஃப். எடுப்பார் அந்த மனிதர்?

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். கோயிலைத் தேடிப் போக நேரமில்லை. ஒருசந்தி விரதம் மட்டும் இருந்தேன். வெறும் வயிற்றோடு ஆடி முதல் சுற்றில் ஜெயித்தேன். அக்காவும் ஜெயித்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டாம் சுற்றும் தாண்டியாயிற்று. அடுப்பைத் துடைத்தேன், தனிஸுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். மாதாவே, என்ன விலை.

நான் திரும்பி வந்தபோது வீட்டுக்காரம்மாவிடம் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். ஆகஸ்டிலிருந்து இதே அறை மாத வாடகைக்குக் கிடைக்குமா, முன்பணம் எவ்வளவு என்று விசாரணை. ஆகஸ்டில் உனக்குக் கல்யாணம், யாருக்கு அறை என்று கேட்டேன். உனக்குத்தான், பெரிய சுற்றுக்கு வந்தால் நடுத்தெருவில் நிற்பாயா என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது எனக்காக அறை பார்க்கிறாள். கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு செய்யமாட்டாள்.

மார்ச் 10, திங்கள்

காலிறுதியில் இரண்டு பேரும் ஜெயித்துவிட்டோம். புதன்கிழமை அரையிறுதியில் நானும் அக்காவும்தான் மோத வேண்டும். அந்தப் பக்கம் ஹாங்காங் பெண் இறுதிக்கு வருவாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பிசாசு. நான் அவளிடம் மூன்று தடவை தோற்றிருக்கிறேன். அக்கா அவளிடம் தோற்றதே இல்லை.

மத்தியானம் துணி துவைக்கிற கடைக்குப் போனோம். இரண்டு பேர் துணியையும் ஒரே மிஷினில் போட்டால் ஒரு காசு மிச்சம். துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா ஆரம்பித்தாள்.

"நீ கப் அடிச்சா நாப்பதாயிரம். இங்க எட்டாயிரம் எடுத்துக்குவான். அப்புறம் உன் ஊர்ல இன்னொரு நாலாயிரம் போவும். நான் அடிச்சா இங்க எட்டாயிரத்தோட சரி, துபாய்ல கேக்க ஆளே கிடையாது. எப்படியும் நமக்குப் பாதிக்குப் பாதி. எதுக்குடி நாலாயிரம் பவுண்டைத் தூக்கி கவர்மெண்ட்டுக்குக் குடுக்கணும்?"

நான் சிரித்தேன். வரி இல்லாத ஊர்க்காரி என்கிற கொழுப்பைப் பார் என்று கிண்டல்கூடச் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்படியானால் பெரிய சுற்றில் இடம் என்னாவது என்று கேட்டேன். எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. பணத்தைப் பற்றி அப்புறம்தான் கேட்டேன், அதை இங்கே எழுதிவைக்கிறேன். அக்கா என் முழங்காலில் கை வைத்தாள். அவள் கப் அடித்தால் இடம் அவளுக்கு வரும், கல்யாணத்தைக் காட்டி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடுவாள். அப்போது வரிசையில் அடுத்தவளுக்குப் போகும். இந்த வருஷத் தரவரிசைப் பட்டியலில் அடுத்தவள் நான். நீ இறுதிக்குப் போய் அந்தப் பிசாசிடம் தோற்றால் பணமும் போச்சு, இடமும் போச்சு. நான் போனால் இரண்டும் உனக்கு. விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்.

உன் பரிசிலிருந்து என் பங்கை அனுப்பும்போது எங்கள் ஊரில் வரி கேட்கமாட்டார்களா என்றேன்.

"அக்கா தங்கச்சிக்குக் குடுக்கறதுக்கு எவன்டி வரி கேப்பான்?"

அதுவும் நியாயம்தான். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. துணி காய்ந்துவிட்டது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துப் போர்வையை மடித்தோம்.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். இது யார் கையிலாவது சிக்கினால் இரண்டு பேருக்கும் ஆயுள் தடை. கிழித்தால் நோட்டு பிரிந்துவிடும் போலிருக்கிறது. பெட்டியின் அடியில் வைக்கிறேன்.

தனிஸ் கூப்பிட்டார். நாளை லீவு போட்டிருக்கிறாராம். இன்ஸ்டிட்யூட் ஹாலில் திரை கட்டி ஆட்டத்தைக் காட்டப்போகிறார்களாம். ஐம்பது பேருக்குச் சமோசா சொல்லியாயிற்றாம். யார் அவரைச் சமோசா சொல்லச் சொன்னார்கள்?

மார்ச் 12, புதன்

நான்குக்கு ஐந்து. கடைசி ஃப்ரேமில் பிங்க் போகவில்லை.

மார்ச் 13, வியாழன்

நேற்று ஒற்றை வரியில் முடித்துவிட்டேன். பழக்கம் விட்டுப்போகக் கூடாது.

ஆளுக்கு நாலு ஃப்ரேம் என்று சமமாக நின்றது. கடைசி ஃப்ரேமில் மேசையில் பிங்க் பந்தும் பிளாக் பந்தும் மட்டும் இருந்தன. பிங்க் விழுந்தால் நான் இறுதிக்கு. நடு பாக்கெட், நேர் அடி. பள்ளிக்கூடப் பிள்ளைகூட அடிக்கும் என்று எழுதப்போகிறவர்கள் ஒருநாள் வந்து அந்த விளக்கு வெளிச்சத்தில் நின்று பார்க்கட்டும். க்யூ முனையில் பூசிய சாக் சரியாகப் பிடிக்கவில்லை. பிங்க் விளிம்பில் தட்டித் திரும்பியது. அக்கா அதைப் போட்டாள், பிளாக்கையும் போட்டாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் தலையில் நான் வாங்கிக்கொடுத்த எண்ணெய் வாசம்.

தனிஸ் நேற்றுக் கூப்பிடவில்லை. இன்று கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். சரி வை என்றார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எப்போதும் ஒவ்வொரு அடியையும் பிய்த்து உதறுகிற மனிதர். ஏமாற்றமாக இருக்கும். இருக்காதா பின்னே.

மார்ச் 15, சனி

அக்கா கப் அடித்துவிட்டாள். ஐந்துக்கு ஒன்று. ஹாங்காங் பெண்ணுக்கு வயிற்றுப்போக்காம், க்யூவைப் பிடிக்கவே தெம்பில்லாமல் நின்றாள். பச்சைப் பிள்ளைபோல் ஆடினாள். யார் எதிரில் நின்றிருந்தாலும் ஜெயித்திருக்கலாம்.

அதை இங்கே எழுதுவதால் என்ன வரப்போகிறது. கைதட்டினேன். உள்ளங்கை சிவக்கிற அளவுக்குத் தட்டினேன். மேடையில் அக்கா கப்பைத் தூக்கிக்கொண்டு, அடுத்த இரண்டு வருஷமும் இதே மேசையில் உங்களைச் சந்திப்பேன் என்று மைக்கில் சொன்னாள். மேடையில் வேறென்ன சொல்வாள்? வேண்டாம் என்று அங்கேயேவா சொல்ல முடியும்?

மார்ச் 17, திங்கள்

விமான நிலையத்தில் பிரிந்தோம். இடம் வேண்டாம் என்று எப்போது எழுதிக்கொடுப்பாய் என்று கேட்டேன். ஊருக்குப் போனதும் முதல் வேலை அதுதான் என்றாள். அவள் தோளில் புது க்யூ உறை, பெயர் பொறித்தது. கல்யாணத்துக்கு அப்புறம் அதில் எதை வைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி. பொன்மலை

துபாயிலிருந்து பணம் வந்தது. ஐந்து லட்சம்.

என் அரையிறுதிப் பரிசில் அவள் பங்கைக் கழித்தாலும் வரவேண்டியது ஏறக்குறைய பதினாலு லட்சம். தவணையாக அனுப்புகிறாள் போலிருக்கிறது. ஒரே தடவையில் பெரிய தொகை அனுப்பினால் அங்கே பாங்கில் கேள்வி கேட்பார்களாயிருக்கும். தனிஸ் மெசேஜைப் பார்த்துவிட்டு, என்ன பணம் என்று கேட்டார். அக்கா சந்தோஷத்தில் அனுப்பியது என்றேன். நல்ல மனசு என்றார். அவர் குரலில் ஏதோ இருந்தது, களைப்பாக இருக்கும். இப்போது டபுள் டியூட்டி பார்க்கிறார்.

ஏப்ரல் 7, திங்கள்

அக்கா போனை எடுப்பதில்லை. கல்யாண வேலை.

ஏப்ரல் 14, திங்கள்

பெரிய சுற்றின் பட்டியல் வந்துவிட்டது. கீழிருந்து மேலே படித்தேன், மேலிருந்து கீழே படித்தேன். இந்துமதி இருக்கிறாள். நான் இல்லை.

தவறாக இருக்கும். அவள் எழுதிக்கொடுத்தது போய்ச் சேர்ந்திருக்காது. அதிகாரி எவனாவது தூங்கியிருப்பான்.

ஏப்ரல் 16, புதன்

பதினேழு தடவை அடித்த பிறகு எடுத்தாள்.

கல்யாணம் தள்ளிப்போய்விட்டதாம். தள்ளிப்போனதா, நின்றதா, இருந்ததா என்றே எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் வயதாகிறதாம். இடம் என்றால் சும்மாவா, முதல் வருஷம் தோற்றுக்கொண்டே இருந்தாலும் ஒரு தொகை உறுதியாம். பணம் ஏன் ஐந்து லட்சம் என்று கேட்டேன். கூட்டு என்றால் செலவும் கூட்டுதானே என்றாள். அவள் கிளப்பில் சம்பளம் இல்லாத லீவு, பயிற்சிச் செலவு, விமானம், எல்லாவற்றையும் கழித்துவிட்டாளாம். நான் அடுப்பு துடைத்ததற்கும் ஒரு கூலி போட்டிருக்கலாமே அவள்.

எழுதிக்கொடுப்பதாகச் சொன்னாயே அக்கா என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை, கெஞ்சுகிற குரல்.

அவள் சத்தம்கூடப் போடவில்லை. ரசத்துக்குப் புளி போதுமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"நியாயம் கேக்கணும்னா தாராளமா கேளு ரெஜி. யார்கிட்ட போவ? போயி என்னன்னு சொல்லுவ?"

போனை வைத்துவிட்டாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டாள். பதினெட்டு வருஷம் அக்கா அக்கா என்று கூப்பிட்ட வாயைக் கழுவ வேண்டும். வயிறு எரிகிறது. அவள் நல்லாவே இருக்கமாட்டாள். பொய் இல்லை, மனதாரச் சொல்கிறேன்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

கோயிலில் சாமியார் யூதாஸைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார். முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுத்தவன், முப்பது வெள்ளிக்காசு. எனக்கு அந்தத் துபாய்க்காரி கட்டிப்பிடித்ததுதான் ஞாபகம் வந்தது. அவள் முகத்தை நினைத்துக்கொண்டே சிலுவையை முத்தமிட்டேன்.

தனிஸ் பக்கத்தில் முழந்தாளில் இருந்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. நான் போய் வெளியே செருப்பைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எல்லாரும் கேட்கிறார்கள். கறிக்கடையில் கேட்கிறார்கள், இன்ஸ்டிட்யூட் வாட்ச்மேன் கேட்கிறார், அந்த பிங்க் எப்படிம்மா போகாம போச்சு என்று. சாக் என்கிறேன். ஒரு ஆள் விடாமல் தலையை ஆட்டி உச்சுக்கொட்டுகிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. துரோகம் செய்தவள் துபாயில் ஜம்மென்று இருக்கிறாள், பதில் சொல்வது மட்டும் நான்.

தனிஸ் மட்டும் இன்னும் கேட்கவில்லை. சாயங்காலம் வருகிறார், பந்துகளை எடுத்து வைக்கிறார், ஒன்றும் பேசுவதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

இரண்டு லட்சம். இன்று உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. அந்த நாலாயிரம் பவுண்டில் என் பங்கு அவ்வளவுதான் வரும். வரியில் மிச்சம் பிடிக்கப்போன தொகை. அதற்கு ஒரு மெத்தை செட்டும் ஒரு ஃபிரிட்ஜும் வாங்கலாம்.

பி.எஃப். லோனுக்குத் தனிஸ் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கிவிட்டது. இருக்கிற ஐந்து லட்சத்தில் கட்டிவிடலாம் என்றேன். அந்தப் பணத்தைத் தொடவேண்டாம் என்றார். ஏன் என்றதற்கு, இருக்கட்டும் என்றார்.

ஜூலை 12, சனி

வருமான வரிக் கணக்குப் போட ஆடிட்டரிடம் போனோம். போகவே பிடிக்கவில்லை. தனிஸ்தான் வண்டியை எடுத்தார்.

அரையிறுதிப் பரிசு எட்டாயிரத்தில் அங்கே பிடித்தது போக இங்கே எவ்வளவு என்று ஷேக் தாவூத் சொன்னார். சரி என்றேன். அப்புறம் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மார்ச் கடைசியில் துபாயிலிருந்து ஐந்து லட்சம் வந்திருக்கிறதே, இந்துமதி யார் என்று கேட்டார்.

"அக்கா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பன்னா கவலையே இல்லம்மா. கூடப்பிறந்தவங்க குடுத்தா வரி கிடையாது. சொந்த அக்காதானே?"

ஆமாம் என்றால் முடிந்தது. அவர் சொந்த அக்கா என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். குவார்ட்டர்ஸ் வாசலில் எனக்குப் பேன் பார்த்தவள், என் முதல் க்யூவுக்குத் தன் கம்மலை அடகு வைத்தவள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தனிஸ் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடச் சொல்லியிருப்பேன். சும்மா பார்த்தார்.

"இல்ல சார்" என்றேன். "சொந்தம் இல்ல."

அப்படியானால் எதற்காகக் கொடுத்தார்கள் என்றார் ஆடிட்டர். கடனா, சம்பளமா, விளையாட்டில் ஏதாவது பங்கா? என்னவென்று அவர் எழுத வேண்டுமே. பங்கு என்று சொன்னால் எதில் பங்கு என்று அடுத்த கேள்வி வரும். நான் வாயைத் திறந்தால் இரண்டு பேர் ஆட்டமும் முடிந்தது. அவள் ஏப்ரலில் கேட்ட கேள்வி காதில் மணி மாதிரி அடித்தது. யார்கிட்ட போவ? போயி என்னன்னு சொல்லுவ?

"சும்மா குடுத்தது."

அவர் சிரித்தார். சும்மா கொடுக்கிற ஆட்கள் தனக்குக் கிடைக்கமாட்டேன் என்கிறார்களே என்றார். பிறகு அன்பளிப்பு, உறவினர் அல்லாதவர் என்று எழுதினார். அதற்கு முழுசாக வரி உண்டு. முப்பது சதவீதமும் அதன் மேல் கொஞ்சமும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகிறது. துபாயில் கேட்க ஆள் இல்லாத பணத்துக்குத் தில்லைநகரில் ஆள் இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன், ஆடிட்டர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. தனிஸ் வண்டியை அணைத்தார். முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"அது சும்மா குடுக்குற ஆளா ரெஜினா?"

ஆடிட்டர் கொடுத்த காகிதத்தை நாலாக மடித்தேன்.

"பதினோரு வருஷமா உனக்குப் பந்து எடுத்து வைக்கிறேன். பிங்க்குக்குக் குனிஞ்சா, அடிக்கிறதுக்கு முன்ன இடது காலை ஒருவாட்டி நகத்துவ. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அன்னைக்கு நகத்தவே இல்ல. ஹால்ல அம்பது பேரும் அடடான்னாங்க. நான் மட்டும் சொல்லல."

கூட்ஸ் வண்டி வந்தது. அது போய் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீ ஜெயிக்கறதைப் பாக்கத்தான் பி.எஃப். எடுத்தேன். வரி போக எவ்வளவு மிஞ்சும்னு நான் ஒருநாளாவது கேட்டேனா?"

சாக் சரியாகப் பிடிக்கவில்லை, பிங்க் போகவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். உச்சுக்கொட்டவில்லை. கேட் திறந்தது, வண்டியை எடுத்தார்.

அவள் மாதிரி ஒரு துரோகி உலகத்தில் உண்டா? நான் என்ன செய்தேன்? பிங்க் போகவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 14, திங்கள்

வரியைக் கட்டிவிட்டேன்.

சாயங்காலம் இன்ஸ்டிட்யூட் போனேன். சங்கு ஊதியது. ஒர்க்‌ஷாப் ஆட்கள் எல்லாரும் சைக்கிளில் போய் முடித்தார்கள். வாட்ச்மேன் வந்து, இன்னைக்கு சார் வரலியா என்று கேட்டார். டபுள் டியூட்டி என்றேன்.

பந்துகளை நானே அடுக்கிக்கொண்டேன்.